சுருக்கிய கையேட்டுக் கோப்பு திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம்

ஒரு மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் அதன் கையேட்டைத் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இணையம் இல்லாதபோதும் கைக்கு எட்டும். நீங்கள் வைத்திருக்கும் பதிப்புக்கு உரிய கையேடே உங்களிடம் இருக்கும். ஆனால் அந்தக் கையேடு பெரும்பாலும் ஜிப், ரார் போன்ற சுருக்கிய கோப்பாகத்தான், அதாவது பிரித்தால்தான் படிக்க முடிகிற கட்டாகத்தான், வருகிறது. முதல் பக்கத்தைப் படிப்பதற்குள் கோப்பைத் திறப்பதிலேயே பலர் களைத்துப்போகிறார்கள். பிரிக்கும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், வேறொன்றைத் தேடுகிறார்கள், கணினியை அணைத்துப் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

பல வருடமாகப் பலருடைய கணினியில் இதைப் பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். பிரிக்கும் மென்பொருள் பழுதாக இருப்பது மிக அபூர்வம். கோப்பு தன் பெயர் சொல்லும் வகையாக இருக்காது, அல்லது பாதிதான் வந்திருக்கும், அல்லது நாம் அதைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் எதையும் புதிதாக நிறுவும் முன் கோப்பைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு விஷயம் போதும்: அதன் அளவு, அதன் முதல் சில எழுத்துகள்.

கோப்பின் முதல் எழுத்துகள்

கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே முதலில் இருக்கும் எழுத்துகள் அப்படி மாறுவதில்லை. நோட்பேடைத் திறந்து, கோப்பை இழுத்து அதன்மேல் போடுங்கள். திரை முழுக்கப் புரியாத குறிகள் வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள்.

பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கினால் அது ஜிப் கோப்பு. 1989இல் அந்த முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயர் முதலெழுத்துகள் அவை. 'ரார்' என்ற சொல்லும் ஓர் ஆச்சரியக்குறியும் இருந்தால் ரார் கோப்பு. 7 என்ற எண்ணும் இசட் எழுத்தும் முதலிலேயே இருந்தால் செவன்-ஜிப். பி, இசட், எச் என்று தொடங்கினால் பீஜிப்2. சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் அது சுருக்கிய கோப்பே இல்லை, நேரடியான பிடிஎஃப். பெயரின் முடிவை '.பிடிஎஃப்' என்று மாற்றினால் உடனே திறக்கும். ஐ, டி, எஸ், எஃப் என்றால் விண்டோஸின் பழைய உதவிக் கோப்பான சிஎச்எம்.

ஜீ-ஜிப் கோப்புக்குப் படிக்கக்கூடிய தொடக்கம் கிடையாது. ஆனால் முதல் வரியிலேயே சுருக்குவதற்கு முன் அந்தக் கோப்புக்கு என்ன பெயர் இருந்ததோ அது பல நேரம் கண்ணில் படும். அந்தப் பெயரே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

சிறிய கோண அடைப்புக்குறியும் 'டாக்டைப் எச்டிஎம்எல்' என்ற சொற்களும் முதலில் இருந்தால், நீங்கள் இறக்கியது கையேடே அல்ல, ஒரு இணையப் பக்கம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: நோட்பேடை மூடும்போது சேமிக்கட்டுமா என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். சேமித்துவிட்டால் கோப்பு நிஜமாகவே கெட்டுவிடும்.

கோப்பு மிகப் பெரிதாக இருந்தால் நோட்பேட் திணறும். அப்போது செவன்-ஜிப் மென்பொருளில் 'ஓப்பன் ஆர்க்கைவ்' கொடுங்கள். அது பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையைக் கண்டுபிடிக்கும். 'இன்ஃபோ' பொத்தானை அழுத்தினால் என்ன வகை என்று காட்டும்.

"எதைக் கொண்டு திறப்பது?" என்று விண்டோஸ் கேட்கிறது

அந்தக் கோப்பு வகை விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஜிப் கோப்பை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே தானாகத் திறக்கும். ரார், செவன்-ஜிப், டார் ஆகியவற்றை விண்டோஸ் 11தான், அதுவும் 2023 இறுதியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகுதான், தானாகத் திறக்கக் கற்றுக்கொண்டது. பழைய விண்டோஸ் என்றால் செவன்-ஜிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். ஈகோர் பாவ்லோவ் 1999இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இங்கே சொல்லப்போகும் வகைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அது ஒன்றே பிரிக்கும். ஆனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, நீங்கள்தான் அவ்வப்போது புதிய பதிப்பைப் போட வேண்டும். பிரிக்கும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது உண்டு. 2023இல் வின்ரார் மென்பொருளிலும் அப்படி ஒன்று வெளிப்பட்டு, 6.23 பதிப்பில் அடைக்கப்பட்டது.

விண்டோஸ் கோப்புப் பெயரின் பின்னொட்டை, அதாவது வகையைச் சொல்லும் கடைசிப் பகுதியை, வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். இது வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. 'கையேடு.பிடிஎஃப்' என்று காட்டும் கோப்பின் முழுப் பெயர் 'கையேடு.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று இருக்கலாம். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது படிக்கிற கோப்பு இல்லை, ஓடுகிற நிரல். பிடிஎஃப் போல வேடம் போட்டு ஒரு நிரல் வந்தால் திறக்காதீர்கள், அழித்துவிடுங்கள்.

பிரித்தேன், உள்ளே மறுபடியும் ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது

லினக்ஸ், யூனிக்ஸ் பக்கமிருந்து வரும் கையேடுகளில் இது எப்போதும் நடக்கும். பிழை எதுவும் இல்லை, வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஜிப் கோப்பு இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது: பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுகிறது, சுருக்கவும் செய்கிறது. யூனிக்ஸ் உலகத்தில் இவை தனித்தனி வேலைகள். டார் என்பது கட்டுவது மட்டும். காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதி வைப்பதற்காக 1970களில் பிறந்தது, 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஜீ-ஜிப் என்பது சுருக்குவது மட்டும். அதற்கு ஒரே ஒரு கோப்பைத்தான் சுருக்கத் தெரியும். ஆக, கையேட்டின் ஐநூறு பக்கத்தையும் முதலில் டார் ஒரே கோப்பாகக் கட்டும், பிறகு அதை ஜீ-ஜிப் சுருக்கும். பெயர் '.டார்.ஜீஇசட்' என்று முடியும். சிலர் அதையே சேர்த்து '.டீஜீஇசட்' என்று எழுதுவார்கள். '.டார்.எக்ஸ்இசட்', '.டார்.பீஇசட்2' என்று வந்தாலும் கதை இதேதான், சுருக்கும் முறைதான் வேறு.

செவன்-ஜிப் இதை ஒவ்வொரு அடுக்காகப் பிரிக்கும். முதல் தடவை '.டார்' என்ற ஒரே கோப்பு கிடைக்கும். அதன்மேல் மறுபடி வலது கிளிக் செய்து பிரியுங்கள், பக்கங்கள் எல்லாம் வெளியே வரும். முடிந்ததும் நடுவில் வந்த டார் கோப்பை அழித்துவிடலாம்.

டார் இல்லாமல் வெறும் '.ஜீஇசட்' மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது ஒரே கோப்புதான், அதுவே கடைசி. பெயரில் '.1.ஜீஇசட்' என்பது போல் நடுவில் ஓர் எண் இருந்தால் அது யூனிக்ஸின் 'மேன்' பக்கம், அதாவது அங்கே கட்டளைகளுக்கு இருக்கும் கையேட்டுப் பக்கம். பிரித்து நோட்பேடில் திறந்தால் வரிகள் புள்ளியோடு தொடங்கும், டி-எச், எஸ்-எச் என்று பெரிய எழுத்துகள் நிற்கும். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தலைப்பு எது, பத்தி எது என்று அச்சுக்குச் சொல்லும் குறிகள் அவை. லினக்ஸ் கணினியில் இதைப் பிரிக்கவே வேண்டாம். மேன் கட்டளையிடம் கோப்பின் பாதையைக் கொடுத்தால் சுருக்கிய நிலையிலேயே அழகாகப் படித்துக் காட்டும். '.பிஎஸ்.ஜீஇசட்' என்றால் உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு, பிடிஎஃப்புக்கு முந்திய தலைமுறை. கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் அதைத் திறக்கும், பிடிஎஃப்பாகவும் மாற்றித் தரும்.

முதல் பக்கம் திறக்கிறது, ஆனால் படம் இல்லை, எந்த இணைப்பும் போகவில்லை

மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஒருநாள் என் தங்கை ஒரு தரவுத்தள மென்பொருளின் கையேட்டை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, எல்லாம் வெறும் எழுத்தா கிடக்கு, படமே வரலை. டவுன்லோடு சரியில்லையோ?" அதற்குள் மூன்று முறை இறக்கிப் பார்த்திருந்தாள். திரையில் வெள்ளைப் பின்னணியில் நீல நிற இணைப்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன. பக்கத்துக்கு வடிவமே இல்லை. ஒன்றைக் கிளிக் செய்தால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்றது உலாவி. "மேலே முகவரியைப் படி" என்றேன். படித்தாள். நடுவில் 'டெம்ப்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'டெம்ப்1' என்று தொடங்கி ஜிப் கோப்பின் பெயரிலேயே இன்னொரு கோப்புறை. அவள் கையேட்டைப் பிரிக்கவே இல்லை.

விண்டோஸில் ஜிப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அது சாதாரணக் கோப்புறை போலவே திறக்கும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அங்கே இருக்கும் 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' கோப்பைக் கிளிக் செய்தவுடன், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்து, தற்காலிகக் கோப்புறையில் போட்டு, உலாவியிடம் கொடுக்கும். பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பும் படங்களும் மற்ற பக்கங்களும் ஜிப்புக்குள்ளேயே இருந்துவிடும். பக்கம் அவற்றைத் தன் பக்கத்துக் கோப்புறையில் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது.

தீர்வு: ஜிப் கோப்பின்மேல் வலது கிளிக், 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்'. பிரிந்து வந்த கோப்புறைக்குள் போய், அங்கே இருக்கும் இண்டெக்ஸ் கோப்பைத் திறங்கள். முகவரியில் 'டெம்ப்' என்ற சொல் இல்லாமல் நீங்கள் பிரித்த இடத்தின் பெயர் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். தங்கையின் மூன்று இறக்கங்களும் எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்தன.

சரி, முழுசாகப் பிரித்தும் பக்கம் வெறுமையாக வருகிறது, அல்லது தேடல் பெட்டி வேலை செய்யவில்லை என்றால்? சில புதிய கையேடுகள் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தங்கள் பக்கங்களைத் தாங்களே வரவழைத்துக்கொள்கின்றன. வட்டிலிருந்து நேராகத் திறந்த பக்கம் பக்கத்துக் கோப்பை இப்படிப் படிப்பதை உலாவிகள் பாதுகாப்புக்காகத் தடுக்கின்றன. கணினியில் பைதான் என்ற நிரல் மொழி இருந்தால் இதற்கு வழி உண்டு. அதோடு வரும் 'எச்டிடிபி.சர்வர்' என்ற சின்னச் சர்வரைக் கையேட்டுக் கோப்புறையிலிருந்து ஓடவிட்டு, உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு 8000 என்ற எண்ணைக் கொடுங்கள். எல்லாம் வந்துவிடும். உங்கள் கணினிக்குள்ளேயே நடப்பதால் இதற்கு இணையம் தேவையில்லை.

"கோப்பு கெட்டுவிட்டது", "எதிர்பாராத முடிவு" என்று வருகிறது

முதலில் அளவைப் பாருங்கள். இறக்கும் பக்கத்தில் 12 எம்பி என்று போட்டிருக்க, உங்களிடம் இருப்பது 7 எம்பி என்றால் வழியில் அறுந்துவிட்டது. மறுபடி இறக்குவதுதான் மருந்து.

பாதி வந்த கோப்பு எந்த வகை என்பதைப் பொறுத்து நடத்தை மாறும். ஜிப் கோப்பில் உள்ளே எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில் இருக்கும். வால் அறுந்தால் அட்டவணையே போய்விடும். அதனால் 95 சதவீதம் வந்திருந்தாலும் விண்டோஸ் 'இது ஜிப்பே இல்லை' என்று ஒட்டுமொத்தமாக மறுத்துவிடும். டார்.ஜீஇசட் அப்படியில்லை. அது நாடாவுக்காகப் பிறந்தது, தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். அறுந்த இடம் வரை இருக்கும் பக்கங்களை டார் கட்டளை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பிழை சொல்லும். திரும்ப இறக்க முடியாத அரிய பழைய கையேடு ஒன்று பாதியாக உங்களிடம் இருந்தால், இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஜிப்பையும் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் அதன் பெயரும் விவரமும் சிறு தலைப்பாக இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். இன்ஃபோ-ஜிப் மென்பொருளில் இருக்கும் பழுதுநீக்கும் வசதி அந்தத் தலைப்புகளைத் தேடி எடுத்து அட்டவணையைத் திரும்பக் கட்டும்.

அளவு சில கேபி மட்டும் என்றால் அது வேறு விஷயம். 30 எம்பி கையேடு 6 கேபி ஆக வந்திருக்கிறது என்றால், நீங்கள் இறக்கியது உள்நுழையச் சொல்லும் பக்கமோ, 'கிடைக்கவில்லை' என்று சொல்லும் பக்கமோதான். சர்வர் அனுப்பிய அந்தப் பக்கத்துக்கு உலாவி ஜிப் என்று பெயர் சூட்டிச் சேமித்துவிட்டது. நோட்பேடில் போட்டால் எச்டிஎம்எல் என்று தொடங்கும். பின்னொட்டை எச்டிஎம்எல் என்று மாற்றி உலாவியில் திறந்து பாருங்கள், சர்வர் உங்களிடம் என்ன சொல்ல வந்தது என்று அங்கேயே எழுதியிருக்கும்.

அளவு சரியாக இருந்தும் கெட்டுவிட்டது என்கிறதா? இறக்கும் பக்கத்தில் 'எஸ்எச்ஏ-256' என்று போட்டு 64 எழுத்துள்ள ஒரு நீண்ட சரம் இருக்கிறதா பாருங்கள். அதுதான் அந்தக் கோப்பின் கைரேகை. ஒரே ஒரு பிட் மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து, 'சிஆர்சி எஸ்எச்ஏ' பட்டியலில் எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அந்தப் பட்டியல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதன் உள்ளே ஒளிந்திருக்கலாம். இரண்டு சரத்தையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் கோப்பில் குறையில்லை, பிரிக்கும் மென்பொருள்தான் பழையது. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி இறக்குங்கள். இரண்டாம் முறையும் வேறொரு சரம், மூன்றாம் முறை இன்னொரு சரம் என்று வந்தால் வட்டையோ நினைவகத்தையோ சோதிக்க வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு முறையும் அதே தப்பான சரமே வந்தால், சர்வரில் இருக்கும் பிரதியிலேயே ஏதோ மாறியிருக்கிறது. வேறு சர்வரிலிருந்து எடுங்கள். அந்தக் கோப்பை மட்டும் திறக்காதீர்கள்.

கோப்பு மூலத்தை விடச் சற்றே பெரிதாக இருந்தால் எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக எடுத்தீர்களா என்று யோசியுங்கள். பழைய எஃப்டிபி நிரல்கள் 'ஆஸ்கி' முறையில் இருந்தால், இது உரைக் கோப்பு என்று நினைத்து வரி முடிவுகளை மாற்றி எழுதிவிடும். சுருக்கிய கோப்பில் வரி என்று ஒன்று இல்லை, ஆனால் வரி முடிவைக் குறிக்கும் அதே பைட் ஏறத்தாழ 256க்கு ஒன்று என்ற கணக்கில் எங்கும் இருக்கும். அத்தனை இடத்திலும் ஒரு பைட் கூடிவிடும். 'பைனரி' முறைக்கு மாற்றி மறுபடி எடுங்கள்.

"இது ஜீ-ஜிப் வடிவத்தில் இல்லை" என்கிறது

பெயர் '.டார்.ஜீஇசட்' என்று இருக்கிறது, அளவும் இறக்கும் பக்கத்தில் சொன்னதை விட மூன்று நான்கு மடங்கு பெரிதாக இருக்கிறது. இங்கே நடந்தது இதுதான்: சர்வர் அதை 'வழியில் சுருக்கி அனுப்புகிறேன்' என்ற குறிப்போடு அனுப்பியிருக்கும். உலாவி அந்தக் குறிப்பை நம்பி வந்ததும் வராததுமாக விரித்துவிட்டது, பெயரை மட்டும் மாற்றவில்லை. உங்களிடம் இருப்பது வெறும் டார். நோட்பேடில் பார்த்தால் முதலிலேயே ஒரு கோப்புறையின் பெயர் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் தள்ளி 'உஸ்டார்' என்ற சொல்லும் பெரும்பாலும் இருக்கும். பெயரின் கடைசியிலிருந்து ஜீஇசட்டை எடுத்துவிட்டு '.டார்' என்று மாற்றினால் முடிந்தது. எஸ்எச்ஏ-256 ஒப்பிட்டால் இந்தக் கோப்புக்கும் சரம் ஒத்துப்போகாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

இடப்பக்கம் பொருளடக்கம் வருகிறது, வலப்பக்கம் வெறுமை

இது சிஎச்எம் கோப்பு. 1997இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வடிவம். பல எச்டிஎம்எல் பக்கங்களைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, இடப்பக்கம் பொருளடக்கத்தோடு காட்டும். பழைய மென்பொருள்களின் கையேடுகள் இன்னும் இதில் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின்மேல் விண்டோஸ் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். முத்திரையுள்ள சிஎச்எம்மின் பக்கங்களைக் காட்ட அது மறுத்துவிடும். கோப்பின்மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', அந்தச் சாளரத்தின் அடியில் 'அன்பிளாக்' என்ற சின்னப் பெட்டி. அதைக் குறியிட்டு 'ஓகே' கொடுத்தால் பக்கங்கள் வந்துவிடும். சிஎச்எம்மால் கணினியில் நிரலையும் ஓட்ட முடியும் என்பதால்தான் இந்தத் தடை. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் முத்திரையை எடுங்கள்.

சிஎச்எம் ஜிப்புக்குள் வந்திருந்தால், பிரிப்பதற்கு முன்பே ஜிப்பின் முத்திரையை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் சொந்தப் பிரிப்பான் முத்திரையை உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கடத்தும், இருபது கோப்பு இருந்தால் இருபது முறை எடுக்க வேண்டிவரும்.

முத்திரையை எடுத்தும் வெறுமையாக இருந்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதையில் எங்காவது எண் குறி, அதாவது குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இரண்டு கோடு போட்ட அந்தக் குறி, இருந்தால் சிஎச்எம் திறக்காது. 'சி ஷார்ப்' மொழியின் கையேட்டை அதே பெயரில் கோப்புறை செய்து அதற்குள் போடுகிறவர்களுக்கு இது நேர்கிறது. வேறொரு கணினியின் பகிர்ந்த கோப்புறையில் இருந்தாலும் 2005இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்திற்குப் பிறகு திறக்காது. உங்கள் வட்டுக்கு நகலெடுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், அல்லது உங்களிடம் விண்டோஸே இல்லாவிட்டால், செவன்-ஜிப் சிஎச்எம்மையும் பிரிக்கும். உள்ளே இருக்கும் எச்டிஎம்எல் பக்கங்கள் தனித்தனியாக வந்துவிடும், எந்த உலாவியிலும் படிக்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். அடுத்த பத்து வருடத்துக்கும் படிக்க முடியும் என்ற நிம்மதி கிடைக்கிறது.

இதற்கும் முந்திய '.எச்எல்பி' கோப்பு என்றால் நிலைமை கடினம். அதன் வாசிப்பான் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வருவதில்லை, விண்டோஸ் 10க்குத் தனியாகவும் தரப்படவில்லை. பழைய விண்டோஸ் உள்ள கணினியோ, அதை மெய்நிகராக ஓட்டும் வழியோ வேண்டும்.

பாதியில் நின்றுவிட்டது: பாதை மிக நீளம், பெயர் செல்லாது

கையேடுகளில் கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போகும். விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்துப் பழைய எல்லை 260 எழுத்து. அதைத் தாண்டும் பக்கங்கள் பிரியாது. சி வட்டின் முதல் மட்டத்திலேயே 'டி' என்று ஓரெழுத்துப் பெயரில் கோப்புறை செய்து அதற்குள் பிரியுங்கள்.

பெயர்ப் பிரச்சினை லினக்ஸ் கையேடுகளில் வரும். பெர்ல் மொழியின் மேன் பக்கங்களின் பெயருக்கு நடுவே இரண்டு முக்காற்புள்ளி இருக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்தக் குறி கூடவே கூடாது. செவன்-ஜிப் அதற்குப் பதில் அடிக்கோடு போட்டுப் பிரித்துவிடும்.

'ஏற்கெனவே இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, மேலெழுதட்டுமா?' என்று காலிக் கோப்புறையில் கேட்டால் சட்டென்று 'ஆம்' சொல்லாதீர்கள். லினக்ஸில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரும் வேறு வேறு, விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. 'ஆம்' என்றால் ஒரு பக்கம் சத்தமில்லாமல் காணாமல் போகும். தானாக வேறு பெயர் வைக்கும் தெரிவைக் கொடுங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் திறக்கவில்லை

விண்டோஸின் சொந்தப் பிரிப்பானுக்குப் பழைய ஜிப் பூட்டுதான் தெரியும். ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு முறையில் பூட்டியிருந்தால் காரணம் சொல்லாமல் பிழை எண் மட்டும் காட்டும். செவன்-ஜிப்பில் அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

'பார்ட்1', 'பார்ட்2' என்றோ '001', '002' என்றோ பல துண்டாக வந்திருந்தால், எல்லாத் துண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து முதல் துண்டை மட்டும் திறக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் முடியாது.

மேக் கணினியில் ஜிப் பிரிந்து 'சிபிஜீஇசட்' ஆகிறது, அதைப் பிரித்தால் மறுபடி ஜிப் வருகிறது

எத்தனை முறை செய்தாலும் இந்தச் சுற்று நிற்காது. மேக்கின் பிரிப்பானுக்கு அந்தக் கோப்பு புரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கோப்பு முழுசாக வந்திருக்காது, அல்லது அதற்குத் தெரியாத சுருக்கும் முறையாக இருக்கும். மேலே சொன்னபடி அளவையும் முதல் எழுத்துகளையும் பாருங்கள். கோப்பு சரியாக இருந்தால் மேக்கில் கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் 'அன்ஜிப்' கட்டளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். மேக்கில் கட்டிய ஜிப்பை விண்டோஸில் பிரித்தால் இரண்டு அடிக்கோட்டோடு 'மேக்ஓஎஸ்எக்ஸ்' என்று ஒரு கூடுதல் கோப்புறை வரும். அதில் கையேடு எதுவும் இல்லை, அழித்துவிடலாம்.

திறந்துவிட்டது, எழுத்துதான் குழம்பியிருக்கிறது

'ரீட்மீ' கோப்பு முழுவதும் ஒரே நீண்ட வரியாக ஓடுகிறது என்றால் அது லினக்ஸ் முறை வரி முடிவு. நோட்பேட் 2018இல்தான் அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. பழைய விண்டோஸில் வேர்ட்பேடிலோ நோட்பேட்++இலோ திறங்கள்.

தமிழில் எழுதிய பழைய கையேடு தலைமேல் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், அது டிஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்திய குறியீட்டில் இருக்கிறது. பிரித்ததில் எந்தத் தப்பும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டினால் தமிழ் திரும்பி வரும். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்திருங்கள், எந்தக் குறியீடு என்று ஊகித்தது தப்பானால் மறுபடி முயல அது வேண்டும்.

கோப்பின் பெயர்கள் மட்டும் குழம்பியிருக்கிறதா? ஜிப் முறையில் பெயர்களை யூனிகோடில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லும் குறி 2006இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் கட்டியவையும், அந்தக் குறியைப் போடாமல் கட்டியவையும் இப்படித் தெரியும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெயரை மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

எல்லாம் பிரிந்துவிட்டது, எதைத் திறப்பது?

ஆயிரம் கோப்பு இருக்கும்போது இது நியாயமான கேள்வி. 'இண்டெக்ஸ்' என்ற பெயரைத் தேடுங்கள், முதல் மட்டத்தில் இல்லாவிட்டால் 'டாக்' அல்லது 'எச்டிஎம்எல்' என்ற கோப்புறைக்குள் இருக்கும். பின்னொட்டு இல்லாத 'ரீட்மீ', 'இன்ஸ்டால்' இரண்டும் வெறும் உரைதான், நோட்பேடிலேயே திறக்கும்.

'கான்ஃபிகர்', 'மேக்ஃபைல்' என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் நீங்கள் இறக்கியது மென்பொருளின் மூல நிரல். அதிலும் டாக் கோப்புறை இருக்கலாம், ஆனால் உள்ளே '.ஆர்எஸ்டி', '.டெக்ஸி' என்று முடியும் கோப்புகளாக இருக்கும். கையேடாக இன்னும் ஆக்கப்படாத எழுத்துப் பிரதி அது. நோட்பேடில் ஓரளவு படிக்கலாம், ஆனால் இணைப்புகளும் படங்களும் வராது. இறக்கும் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'டாக்குமென்டேஷன்' என்ற தனிப் பிரிவில் எச்டிஎம்எல் அல்லது பிடிஎஃப் என்று குறித்த கோப்பை எடுங்கள். உங்கள் மென்பொருளின் பதிப்பு எண்ணும் அந்தக் கோப்பின் பெயரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.